ரேஸ் பைக்குக்கு மட்கார்டா? – வாசகர் கேள்வி பதில்

விலை உயர்ந்த ரோடு பைக்கில், அதாவது சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிளில், மட்கார்டு, கேரியர், பெல் என்று சாதாரண சாமான்களை மாட்டுவது பற்றித்தான் நம் மொரீஷியஸ் வாசகர்களிடமிருந்து இந்த முறை கேள்விகள் அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். வண்டியின் கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டோம். பதில் எந்தக் கம்பெனிக்கும் ஒன்றுதான்.

கேள்வி: என்னுடையது கார்பன் நாரால் செய்த ரேஸ் பைக். ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகை), 25 மில்லிமீட்டர் டயர். எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மட்கார்டு போட வண்டியில் துளையே கிடையாது. கடையில் கேட்டால் “இதுக்குப் போய் மட்கார்டா?” என்று சிரிக்கிறார்கள். வழி உண்டா? – கியூர்பீப் வாசகர்

பதில்: உண்டு. சிரித்தவர் மழை நாளில் காரில் போகிறவராக இருப்பார். போட்டி வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சம்மேளனம் விதி வைத்திருக்கிறது. கம்பெனிகள் அந்த எண்ணை எட்டிப் பிடிக்க ஒவ்வொரு கிராமாகக் கழிக்கின்றன. மட்கார்டுத் துளை போனது அப்படித்தான். போட்டிக்குப் போகாத உங்களுக்கு அந்தக் கணக்கு எதற்கு?

முதலில் அலன் கீ செட்டை எடுங்கள். பிரேக்கின் அடிப்பக்கத்துக்கும் டயருக்கும் நடுவே ஒவ்வொரு கீயாக நுழைத்துப் பாருங்கள். ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டையின்) உச்சியிலும், பின்னால் பிரேக் இருக்கும் இடத்திலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருக்காது. 8 மில்லிமீட்டர் கீ தாராளமாகப் போனால் முழு மட்கார்டு போடலாம். தகட்டுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் போக, மீதி 5 இருக்கும். 4, 5 கீயோடு நின்றுவிட்டால் பிரேக்குக்கு அடியில் எதையும் விடாதீர்கள். நீங்கள் சொல்லும் டயரும் பிரேக்கும் வைத்துப் பார்த்தால் உங்கள் வண்டி அநேகமாக இந்த வகைதான். தகட்டைச் சீவி மெலிதாக்கி எப்படியாவது நுழைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டயரில் ஒரு சின்னக் கல் ஒட்டினால் போதும், வீடு வரும்வரை கரகரவென்று உரசிக்கொண்டே வரும்.

உங்களுக்குப் பொருந்துவது ரப்பர் பட்டையால் மாட்டும் மட்கார்டு. எஸ்.கே.எஸ். ரேஸ்பிளேடு இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது. முன்னால் ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும், பின்னால் சீட்டிலிருந்து அச்சுக்கு இறங்கும் இரண்டு குழாய்களிலும் அது பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு அடியில் போகாது. அதனால் உச்சியில் ஒரு இடைவெளி விழும். அது வழியாகப் பிரேக்கின் மேல் கொஞ்சம் தண்ணீர் அடிக்கும். அதைத் தவிர்க்க முடியாது. முதுகும் சீட்டும் நனையாது, ஷூ முக்கால்வாசி தப்பிக்கும்.

மாட்டுவதற்கு முன் செய்யும் வேலைதான் முக்கியம். ரப்பரோ கால்களோ ஃபிரேமைத் தொடும் ஒவ்வொரு இடத்தையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிட்டு, ஸ்பிரிட்டால் ஒருமுறை துடையுங்கள். பிறகு ஒளி ஊடுருவும் ஃபிரேம் ஸ்டிக்கரை 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி ஒட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டினால் உரிந்து வராது. இந்த ஸ்டிக்கர் இல்லாமல் மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? நம் ரோட்டுப் புழுதியில் பாதி, உடைத்த எரிமலைப் பாறை. ரப்பருக்கு அடியில் நுழைந்த துகள் ஒவ்வொரு அதிர்விலும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். முதலில் மேல்பூச்சு மங்கும், பிறகு பெயின்ட் போகும், கவனிக்காமல் விட்டால் கார்பன் நார் வரைக்கும் போய்விடும். ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாலும் மாதம் ஒருமுறை மட்கார்டைக் கழற்றிக் கழுவுங்கள்.

மாட்டும்போது டயருக்கும் தகட்டுக்கும் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். பட்டையின் நுனி ஸ்போக்கை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். புது ரப்பர் முதல் ஓட்டத்தில் கட்டாயம் கொஞ்சம் இறங்கும்.

சீட்டுக்கு அடியில் செருகும் பிளாஸ்டிக் துண்டைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது கால்சட்டையை மட்டும் காப்பாற்றும். உங்களுக்குப் பின்னால் வருகிறவரின் முகத்தை அது காப்பாற்றாது. கூட்டமாக ஓட்டுகிறவர்கள் அதை மட்கார்டு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் டிஸ்க் பிரேக் வண்டியில் மறைவான மட்கார்டுத் துளைகள் இருந்தன. முழு மட்கார்டு போட்டேன். கரும்பு வெட்டும் காலத்தில் முன் மட்கார்டுக்குள் ஏதோ சிக்கி, தகடு அப்படியே மடங்கிவிட்டது. நல்லவேளையாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். பொருத்தியதில் தவறா? – ஃப்ளாக் வாசகர்

பதில்: சிக்கியது கரும்புத் துண்டாகவோ சோகையாகவோதான் இருக்கும். ஜூனிலிருந்து டிசம்பர் வரைக்கும் லாரியிலிருந்து விழுவது எல்லாம் ரோட்டின் ஓரத்தில், நாம் ஓட்டும் அதே கோட்டில்தான் கிடக்கிறது.

நடந்தது இதுதான். முன் சக்கரத்தின் பின்பக்கத்தில் டயர் கீழிருந்து மேலே ஏறுகிறது. கீழ் நுனியில் நுழைந்த குச்சியை டயர் மேலே இழுத்துக்கொண்டு போகும். போகப் போக இடம் குறுகினால் குச்சி இறுகும், தகட்டைத் தன்னோடு தள்ளும், தகடு ஃபோர்க் உச்சிக்கு அடியில் மடங்கிக் கட்டையாகிவிடும். சக்கரம் அந்த இடத்திலேயே நிற்கும். வேகத்தில் இருந்தால் வண்டி நிற்கும், ஆள் நிற்க மாட்டார்.

இதைத் தடுப்பதற்கென்றே முன் மட்கார்டின் கம்பிகளுக்குப் பிளாஸ்டிக் கிளிப் உண்டு. குறிப்பிட்ட இழுப்புக்கு மேல் போனால் கம்பி அதிலிருந்து தானாகப் பிடுங்கிக்கொள்ளும், தகடு விலகிக் குச்சியை விட்டுவிடும். உங்கள் செட்டில் அந்தக் கிளிப் இருந்ததா, அல்லது “ஆடுகிறது” என்று யாராவது அதை எடுத்துவிட்டு நேரடியாகப் போல்ட் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணமாக இருக்கும். இடது, வலது இரண்டு பக்கமும் கிளிப் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விடுபட்டால் தகடு குறுக்கே திரும்பும். பின் சக்கரத்துக்குக் கிளிப் கட்டாயமில்லை. அது சிக்கினால் வண்டி வழுக்கும், உங்களைத் தலைக்கு மேல் தூக்கிப் போடாது.

இடைவெளியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கீழ் நுனியில் இருக்கும் இடைவெளியை விட ஃபோர்க் உச்சியில் இருப்பது குறைவாக இருக்கக் கூடாது. நுழைய முடிந்தது வெளியேறவும் முடிய வேண்டும். தகட்டின் அகலம் டயரை விட 10 மில்லிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும். 28 டயருக்கு 38 அல்லது 40.

புதுத் தகடு போடும்போது இன்னொன்றையும் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெடலை முன்னால் கிடைமட்டமாக நிறுத்தி ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். ஷூ நுனி மட்கார்டில் இடிக்கிறதா? சிறிய ஃபிரேம்களில் அநேகமாக இடிக்கும். ஓட்டத்தில் யாரும் அவ்வளவு திருப்புவதில்லை என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சிக்னலில் மெதுவாகத் திரும்பும்போது இடித்தால் கீழே விழுவீர்கள். கெட்டித் தகட்டைக் கொஞ்சம் குட்டையாக வைத்து, அதன் நுனியில் மெல்லிய ரப்பர் தொங்கல் ஒன்றைத் திருகிவிட்டால் போதும். தொங்கல் தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். ஷூ இடித்தால் ரப்பர் மடங்கும், அவ்வளவுதான். ஷூவையும் கிராங்க் (பெடல் மாட்டும் கை) பேரிங்கையும் சேற்றிலிருந்து காப்பாற்றுவதும் இந்தத் தொங்கல்தான். அதில்லாத முன் மட்கார்டு பாதி மட்கார்டு.

கம்பி நீளம் மிஞ்சினால் குறட்டால் நறுக்காதீர்கள், முனை கத்தியாகிவிடும். ஆக்ஸா பிளேடால் அறுத்து, அரத்தால் தேய்த்து, மூடி போடுங்கள்.

கேள்வி: ரோஸ்ஹில்லில் இருந்து போர்ட் லூயிஸுக்கு வேலைக்கு ரோடு பைக்கில் போகிறேன். லேப்டாப், சாப்பாட்டுப் பாத்திரம், மாற்றுச் சட்டை எல்லாம் சேர்த்து ஆறு கிலோ வரும். சீட் கம்பியில் மட்டும் இறுக்கும் கேரியர் ஒன்று கடையில் இருக்கிறது. ஃபிரேமும் சீட் கம்பியும் கார்பன். வாங்கலாமா? – ரோஸ்ஹில் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். கார்பன் குழாய் அது வடிவமைக்கப்பட்ட திசையில் வரும் பாரத்தை வருஷக் கணக்கில் தாங்கும். குறுக்கே ஓரிடத்தில் இரும்புக் கவ்வி போட்டு நசுக்கினால் தாங்காது. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்கு அடுக்காகப் பிரியும். கேரியரின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கார்பன் சீட் கம்பியில் மாட்டக் கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கும்.

உங்கள் சீட் கம்பி வட்டமானதாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. அதே விட்டத்தில் அலுமினியக் கம்பி வாங்கிக்கொள்ளலாம், 27.2 மில்லிமீட்டர் எல்லா இடத்திலும் கிடைக்கும். கார்பன் ஃபிரேமுக்குள் அலுமினியம் இறங்குவதால் கார்பன் பேஸ்ட் (வழுக்காமல் பிடிக்க வைக்கும் பசை) தடவித்தான் இறக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி தடவுங்கள். விட்டுவிட்டால் அலுமினியம் அரித்து, ஃபிரேமோடு பிடித்துக்கொண்டு, பிறகு யார் இழுத்தாலும் வராது. கம்பியில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஆழக் கோடு கண்ணுக்குத் தெரியக் கூடாது. இவ்வளவு செய்தாலும் இந்தக் கேரியரில் நாங்கள் 4 கிலோவுக்கு மேல் ஏற்றச் சொல்ல மாட்டோம். அட்டையில் 10 என்று இருக்கலாம். பாரம் பின்னால் அந்தரத்தில் தொங்கி, எழுந்து நின்று மிதிக்கும்போது வாலை ஆட்டும். மாலையில் உங்களுக்கு மேடுதான்.

ஆறு கிலோவை வண்டியில்தான் ஏற்றுவேன் என்றால் பின் அச்சில் உட்காரும் கேரியர் வாங்குங்கள். பாரம் அச்சுக்குப் போகும், மேலே சீட் கம்பியை வெறுமனே பக்கவாட்டில் ஆடாமல் பிடித்துக்கொள்ளும். விலை அதிகம். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் இப்போதுள்ள அச்சைக் கழற்றி அதில் பொறித்திருப்பதைப் படியுங்கள்: பொதுவாக 12×142 என்றும், மரை அளவு 1.0, 1.5, 1.75 இவற்றில் ஒன்றும் இருக்கும். மரை மாறிய அச்சைக் கையால் திருகினாலே தடுக்கும். தடுத்தால் நிறுத்திவிடுங்கள். சாவி போட்டு அழுத்தினால் ஃபிரேம் பக்கத்து மரை போய்விடும். ஃபிரேம் கம்பெனியின் கையேட்டில் கேரியருக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பக்கப் பை தொங்கவிடுவதில் இன்னொரு தொந்தரவு. ரேஸ் பைக்கில் கிராங்கிலிருந்து பின் அச்சு 41 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். தொலைதூரப் பயண வண்டியில் 44, 45 இருக்கும். அந்த வித்தியாசத்தில்தான் உங்கள் குதிகால் பையில் இடிக்கிறது. சின்னப் பையாகப் பார்த்து, எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி மாட்டுங்கள்.

உங்கள் தூரத்துக்கு எங்கள் யோசனை வேறு. லேப்டாப்பை முதுகுப் பையில் போட்டு நெஞ்சுப் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். அதிர்வுக்கு முதுகை விட நல்ல இடம் வண்டியில் இல்லை. ஒரு வாரத்துச் சட்டைகளைத் திங்கட்கிழமை பஸ்ஸில் கொண்டுபோய் ஆபீஸில் வைத்துவிடலாம். சாப்பாட்டுப் பாத்திரம் சீட்டுக்குப் பின்னால் கட்டும் நீளப் பையில் போகும். கனமானதைச் சீட் கம்பியை ஒட்டியும், துணியை வால் பக்கமும் திணியுங்கள். மாற்றித் திணித்தால் பை நாய் வால்தான். ரசம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: நிறுத்தி வைக்க ஸ்டாண்டு போடலாமா? கடற்கரையில் சாய்த்து வைக்கச் சுவர்கூட இல்லை. – கிராண்ட் பே வாசகர்

பதில்: சாதாரண ஸ்டாண்டு, கிராங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு குழாய்களையும் மேலும் கீழுமாகக் கவ்வி இறுக்கும். கார்பனில் அது கூடவே கூடாது. மெல்லிய அலுமினியத்திலும் பள்ளம் விழும்.

வண்டி உருண்டு ஓடுவதால்தான் விழுகிறது. அதை நிறுத்தினால் மரம், கம்பம், படிக்கட்டு எதில் சாய்த்தாலும் நிற்கும். பழைய டியூபை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வளையமாக வெட்டி ஹேண்டில்பாரில் மாட்டி வையுங்கள். நிறுத்தும்போது முன் பிரேக் லிவரை இழுத்து வளையத்தை அதன்மேல் ஏற்றிவிட்டால் சக்கரம் நகராது. சாய்க்கும்போது செயின் இல்லாத இடது பக்கம் சாயுங்கள். பின் சக்கரமும் சீட்டும் சுவரைத் தொட வேண்டும், ஃபிரேம் தொடக் கூடாது. பின் அச்சில் செருகி எடுக்கும் ஒற்றைக் குச்சி ஸ்டாண்டும் வருகிறது. காற்றில்லாத நாளில் நிற்கும். நம் கடற்கரையில் காற்றில்லாத நாள் எப்போது என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: ஹேண்டில்பார் தட்டையான ஏரோ வடிவம். எந்த பெல்லும் பிடிக்கவில்லை. கவ்வியை வளைத்து இறுக்கிப் பார்த்தேன், பெல் ‘டொக்’ என்கிறது. – காத்ர போர்ன் வாசகர்

பதில்: முதலில் அந்தக் கவ்வியைக் கழற்றுங்கள். வளைத்த தகட்டின் ஓரம் ஹேண்டில்பாரைக் கீறியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் கடையில் காட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

‘டொக்’ சத்தத்துக்குக் காரணம் பெல் இல்லை. கிண்ணத்தின் விளிம்பை பிரேக் கேபிளோ டேப்போ தொட்டுக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் 3 மில்லிமீட்டர் காலி இருந்தால் அதே பெல் கணீரென்று அடிக்கும்.

உங்களுக்கு ரப்பர் வளையத்தில் மாட்டும் சின்னப் பித்தளை பெல் போதும். அதை ஹேண்டில்பாரில் மாட்டாமல் ஸ்டெமின் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டின்) கழுத்தில் மாட்டலாம். பெருவிரல் எட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்டெமுக்கு அடியில் இருக்கும் வளையங்களில் ஒன்றுக்குப் பதிலாகப் போடும் பெல்லும் கிடைக்கிறது. அதே உயரமுள்ள வளையத்தை எடுத்துவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் ஸ்டெமின் பக்கத் திருகுகளைத் தளர்த்திவிட்டு மேல் மூடித் திருகை எடுங்கள். திரும்ப மாட்டும்போது முதலில் மேல் மூடியை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, ஸ்டெமை முன் சக்கரத்துக்கு நேராகப் பார்த்து, பிறகு பக்கத் திருகுகளை அதில் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டருக்கு (திருகும் விசையின் அளவு), இறுக்குங்கள். வரிசை மாறினால் கழுத்து பேரிங் கடிக்கும் அல்லது ஆடும். கேபிள்கள் அந்த வளையங்களுக்கு உள்ளேயே ஓடும் புது வண்டி என்றால் இதைத் தொடாதீர்கள்.

கேள்வி: பின்னால் வரும் பஸ் தெரியக் கண்ணாடி எந்தப் பக்கம் போடுவது? – மஹேபூர் வாசகர்

பதில்: வலது பக்கம். நாம் இடது ஓரமாக ஓட்டுகிறோம், முந்துவது எல்லாம் வலதில்தான். ஹேண்டில்பார் நுனியில் செருகும் வட்டக் கண்ணாடி வாங்கும்போது குழாயின் உள்விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். செருகி உள்ளே விரியும் வகை என்றால் கார்பன் பாரில் கைத்திருகலோடு நிறுத்திவிடுங்கள். குவிந்த கண்ணாடியில் பஸ் நிஜத்தை விடத் தூரத்தில் இருப்பது மாதிரி தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: வேலை முடிந்து கரும்புத் தோட்டத்துக்கு நடுவே வருகிறேன். சீட் கம்பி பின்னால் தட்டையாக இருப்பதால் சிவப்பு விளக்கு நிற்காமல் திரும்பிக்கொள்கிறது. சீட் பையில் மாட்டினால் ஆடுகிறது. – சூய்யாக் வாசகர்

பதில்: சீட் பையில் மாட்டிய விளக்கு, பை தொங்கத் தொங்க ரோட்டைத்தான் காட்டும். பின்னால் வரும் டிரைவருக்கு அது தெரியாது. தட்டைக் கம்பிக்கென்று உட்புறம் வெட்டிய ரப்பர் அடிக்கட்டை வரும், கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பின் சக்கரத்துக்கு இறங்கும் வலது பக்கக் குழாயில், ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தின் மேல் ரப்பர் பட்டையால் கட்டலாம். ஸ்போக் பக்கம் சாயாமல் நேராகப் பின்னால் பார்க்க வேண்டும். மாட்டியதும் வண்டியை நிறுத்திவிட்டு இருபது அடி தள்ளிப் போய், காரில் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். மட்கார்டோ பையோ மறைத்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

முன் விளக்கு தெரு விளக்கு உள்ள ஊருக்குள் 100 லூமன் இருந்தால் போதும், அது மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவதற்கு. தோட்டத்துச் சாலைக்கு 400-க்குக் குறையாமல் வேண்டும், அது உங்களுக்குக் குழி தெரிவதற்கு. ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது, பிறகு இருட்டு மளமளவென்று வரும். கரும்பு வெட்டாமல் ஆள் உயரத்துக்கு நிற்கும் வரை திருப்பங்களில் பகலில்கூட நீங்கள் தெரிய மாட்டீர்கள். அங்கே பகலிலேயே விளக்கைப் போடுங்கள். ரப்பர் பட்டை வெயிலில் வெடிக்கும். பழைய டியூப் வளையம் இரண்டைப் பையில் போட்டு வைத்தால் நடு ரோட்டில் கைகொடுக்கும்.

கேள்வி: பாட்டில் கூட்டோடு சேர்த்துப் பம்ப் பிடிப்பான் மாட்டினேன். ஒரு வருஷம் கழித்துக் கழற்றப் போனால் போல்ட் சுற்றுகிறது, வெளியே வரவில்லை. – தாமரின் வாசகர்

பதில்: உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து செய்த வேலை. எவர்சில்வர் போல்ட்டும் ஃபிரேமில் பதித்த அலுமினிய மரைக் குமிழும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. இப்போது நீங்கள் திருகும்போது குமிழே கார்பனுக்குள் சுற்றுகிறது. மேலும் சுற்றாதீர்கள். ஒவ்வொரு சுற்றும் துளையைப் பெரிதாக்கும்.

துருவிலக்கி எண்ணெயை ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். கூட்டின் அடியில் குமிழின் விளிம்பு தெரிந்தால் அதை நீள மூக்குக் குறட்டால் பிடித்துக்கொண்டு போல்ட்டை மெதுவாகத் திருகுங்கள். அசையாவிட்டால் கடைக்குக் கொண்டுபோங்கள். அவர்கள் போல்ட் தலையை அறுத்து, பழைய குமிழை எடுத்து, எம்5 அளவில் புதிது பதிப்பார்கள். கார்பனில் பழக்கப்பட்ட கை வேண்டும். வெல்டிங் பட்டறைக்குப் போகாதீர்கள்.

அடுத்த முறை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி 2 முதல் 3 நியூட்டன் மீட்டரோடு நிறுத்துங்கள். குட்டைச் சாவியை இரண்டு விரலால் பிடித்துத் திருகினால் ஏறக்குறைய அந்த அளவுதான். பிடிப்பானின் தடிமனுக்கு ஏற்றபடி போல்ட்டும் நீளமாக வேண்டும்: 12 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 15 அல்லது 16. அதற்கு மேல் நீளமாகப் போட்டால், சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாயில் போல்ட்டின் முனை உள்ளே இறங்கியிருக்கும் சீட் கம்பியைக் கீறும். சீட்டை இறக்கும்போது எங்கோ முட்டுகிறது என்று நிறையப் பேர் கொண்டுவரும் வண்டிகளில் கோளாறு அங்கேதான்.

கட்டுக் கம்பிக்குப் பதிலாக நைலான் டை போடுகிறவர்கள் கறுப்பு நிறத்தையே வாங்குங்கள். வெள்ளை நிறம் நம் வெயிலில் சீக்கிரம் பொடியாகும். மிச்சத்தை நகவெட்டியால் ஒட்ட நறுக்குங்கள், முழங்காலைக் கிழிக்காது.

கேள்வி: புரட்டாசி சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் பூ, பழம், தேங்காய் கொண்டுபோக வேண்டும். மகன் வாங்கிக் கொடுத்த ரோடு பைக்கில் முன்கூடை மாட்டலாமா? – திரியோலே வாசகி

பதில்: கூடை வேண்டாம் அம்மா. வளைந்த ஹேண்டில்பாரில் கூடையின் கொக்கி உட்காரும் இடத்தில்தான் பிரேக் கேபிள் ஓடுகிறது. கூடை அதை அழுத்தினால் பிரேக் கனக்கும். அதோடு அவ்வளவு முன்னால் பாரம் வைத்தால் கை லேசாக ஆடினாலும் சக்கரம் திரும்பிக்கொள்ளும்.

பட்டையால் கட்டும் ஹேண்டில்பார் பை வாங்கச் சொல்லுங்கள். பைக்கும் பாருக்கும் நடுவே ஸ்பாஞ்சுக் கட்டை வைத்தால் கேபிள் நசுங்காது. முன் டயருக்கும் பைக்கும் இடையில் நான்கு விரல் இடம் வேண்டும். கட்டியதும் பையை இரண்டு கையாலும் பலமாகக் கீழே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கினால் மறுபடி கட்ட வேண்டும், ஏனென்றால் ஓட்டத்தில் பை சக்கரத்தில் விழுந்தால் ஆள் முன்னால் விழுவார். பூவும் பழமும் இதில் போகட்டும், இரண்டு கிலோவுக்குள். தேங்காயைச் சீட்டுப் பையின் அடியில் துணியில் சுற்றி வையுங்கள். பால்செம்பை மட்டும் சைக்கிளில் எடுக்காதீர்கள், யாராவது கையில் கொண்டுவரட்டும்.

கேள்வி: மட்கார்டுக்காகக் கார்பன் ஃபிரேமில் நாமே துளை போட்டால் என்ன? – வாக்வா வாசகர்

பதில்: வாரண்டி அந்த நிமிடமே போகும். நார் அறுந்த இடத்திலிருந்து விரிசல் தொடங்கும். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சாதாரண ஷூவில் மிதிக்க வேண்டும். ரேஸ் பெடலைக் கழற்றிவிட்டுத் தட்டைப் பெடல் போட்டால் மரை பொருந்துமா? இடது பெடலைக் கழற்றவே முடியவில்லை. – பிளாக் ரிவர் வாசகர்

பதில்: பொருந்தும். பெரியவர்களின் ரோடு பைக், மலை பைக் எல்லாவற்றிலும் மரை ஒன்றே, 9/16 அங்குலம். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் இருப்பதால் நீங்கள் இவ்வளவு நேரம் இறுக்கிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். கடிகார முள் சுற்றும் திசையில் திருகுங்கள், கழலும். செயினைப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுவிட்டு வேலை பாருங்கள்; சாவி வழுக்கினால் பல்லில் கை படாமல் இருக்கும். புதுப் பெடலில் ஆர், எல் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கிரீஸ் தடவி, முதல் நான்கைந்து சுற்றைக் கையாலேயே ஏற்றுங்கள். கார்பன் கிராங்கின் துளையில் பதித்திருப்பது அலுமினிய மரை; கோணலாக ஏறிய பெடலைச் சாவியால் நேராக்கப் பார்த்தால் அந்த மரையே உரிந்து வந்துவிடும்.